புயல் நம்ம ஊருக்கு வராது

வாணியம்பாடியில் ஒரு நினைவுத்தூண் இருக்கிறது. 1903 நவம்பர் 12 அன்று பாலாற்று வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டவர்களுக்காக நிறுத்தியது. செத்தவர்கள் ஏறத்தாழ 200 பேர். அந்த நாளில் அங்கே கூடி அஞ்சலி செலுத்தும் வழக்கமும் ஊரில் உண்டு.

2021 நவம்பர் 19 அன்று, மழை விடாமல் பெய்த ஓர் இரவுக்குப் பிறகு, பேரணாம்பட்டில் ஒரு வீடு இடிந்து 9 பேர் இறந்தார்கள். அதில் 4 பேர் குழந்தைகள். வாணியம்பாடியிலிருந்து பேரணாம்பட்டு ரொம்ப தூரமில்லை. இரண்டுமே தோல் ஊர்கள். இரண்டு சாவுக்கும் நடுவே 118 வருஷம். காலண்டரில் பார்த்தால் வெறும் ஏழு நாள்.

இந்த ஊர்களில் யாரையாவது நிறுத்தி, புயலுக்கு வீட்டில் என்ன ஏற்பாடு செய்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் சிரிப்பார்கள். "புயலா? அதெல்லாம் கடலூரு, நாகப்பட்டினம் பக்கங்க. நம்ம ஊருக்கு இன்னா புயல் வரும்?" தப்பு சொல்ல முடியாத பதில். வேலூரிலிருந்து கடல் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். ஆம்பூரும் வாணியம்பாடியும் இன்னும் மேற்கே. கூரையைப் பிடுங்கும் காற்றோ, ஊருக்குள் ஏறும் கடலலையோ இங்கே வருவதில்லை. அப்படியும் நவம்பர் மாதத்தில் ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

பேரிடர் நடந்த மறுநாள் டீக்கடையிலும் டிவியிலும் ஒரு வாக்கியம் தவறாமல் வரும். "அப்பவே சொன்னாங்க, இவங்கதான் கேக்கல." இந்தக் கட்டுரை அந்த வாக்கியத்தைப் பற்றியது. சிலர் ஏன் ஏற்பாடு செய்வதில்லை, ஏன் கிளம்புவதில்லை என்ற கேள்விக்கு அறியாமை, அலட்சியம், விதி மேல் பாரம் போடுவது என்று ரெடிமேடாக மூன்று பதில்கள் இருக்கின்றன. இந்தத் தோல் வட்டாரத்தின் நூற்றிருபது வருஷக் கதையைப் பார்த்தால் மூன்றுமே சரியாகப் பொருந்துவதில்லை.

பெயர் இல்லாத புயல்

முதலில் புயல் இங்கே எப்படி வந்து சேர்கிறது என்று பார்ப்போம். வங்காள விரிகுடாவில் உருவாகும் சுழலுக்குச் சூடான கடல்தான் சாப்பாடு. கரையைக் கடந்ததும் அந்தச் சாப்பாடு நின்றுபோகும், தரையின் உராய்வில் காற்றின் வேகமும் இறங்கிவிடும். ஆனால் அது சுமந்து வந்த ஈரம் உடனே தீராது. வலுவிழந்த சுழல் மேற்கு, வடமேற்காக நகர்ந்து மலைகளில் முட்டி அங்கே கொட்டித் தீர்க்கும். ஜவ்வாது மலை, ஏலகிரி, ஆந்திர எல்லைக் காடுகள் எல்லாம் அந்தப் பாதையில்தான் இருக்கின்றன. கடற்கரைக்குக் காற்றாக வரும் புயல் நமக்குத் தண்ணீராக வருகிறது. அதுவும் ஒரு நாள் தள்ளி, கானாறு வழியாக.

சமீபத்திய உதாரணம் ஃபெஞ்சல். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. பெரிய அடி எங்கே விழுந்தது? கடலே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. திருப்பத்தூர்க்காரர்களுக்கு ஊத்தங்கரை பக்கத்து ஊர். திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண்ணும் பாறையும் வீடுகள் மேல் விழுந்து 7 பேர் இறந்தார்கள்.

இதில் கவனிக்காமல் விடும் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. ஒரு சுழலுக்குப் பெயர் வைப்பது காற்றின் வேகத்தைப் பார்த்து. மணிக்கு 62 கிலோமீட்டரைத் தாண்டினால்தான் அது புயல், அப்போதுதான் பெயர். அதற்குக் கீழே இருந்தால் தாழ்வு மண்டலம். வர்தா, கஜா, நிவர் என்று நாம் பெயரோடு ஞாபகம் வைத்திருப்பவை எல்லாம் காற்றுப் பரீட்சையில் பாஸானவை. 2021 நவம்பர் 19 விடியற்காலை சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது வெறும் தாழ்வு மண்டலம். அதற்குப் பெயர் கிடையாது. மீம் கிடையாது. "எப்ப கடக்குது, எங்க கடக்குது" என்று டிவியில் நாள் முழுக்க ஓடும் கவுன்ட்டவுனும் பெரிதாகக் கிடையாது. பாலாற்றில் நூறு வருஷத்தில் பார்க்காத வெள்ளத்தைக் கொண்டுவந்தது அதுதான்.

1999 ஒடிசா சூப்பர் புயலுக்குப் பிறகு இந்திய வானிலைத் துறை தன் புயல் எச்சரிக்கையை நான்கு கட்டமாக மாற்றிக்கொண்டது. முதல் மூன்றும் கடலோர மாவட்டங்களுக்கானவை: 72 மணி நேரம் முன்பு ஒன்று, 48 மணி நேரம் முன்பு ஒன்று, 24 மணி நேரம் முன்பு ஒன்று. நான்காவது, கரையைக் கடந்த பிறகு சுழல் எந்தப் பக்கம் போகும், உள் மாவட்டங்களில் என்ன நடக்கும் என்று சொல்வது. கடப்பதற்குக் குறைந்தது 12 மணி நேரம் முன்பு அது வர வேண்டும். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்க்காரர்களுக்கான எச்சரிக்கை என்றால் அந்த நான்காவதுதான். ஆனால் அந்த நான்கு கட்டமும் புயலுக்கானது. பெயர் வாங்காத தாழ்வு மண்டலத்துக்கு மிஞ்சுவது கனமழை எச்சரிக்கை: மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. நவம்பரில் அது பாதி நாள் போனில் வந்துகொண்டேதான் இருக்கும்.

ஐடியில் இருப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும். சர்வர் கண்காணிப்பில் தொட்டதுக்கெல்லாம் அலெர்ட் அடிக்கும்படி வைத்தால், ஒரு மாதத்தில் எல்லாரும் அதை மியூட்டில் போட்டுவிடுவார்கள். அவர்களைச் சோம்பேறி என்று யாரும் சொல்வதில்லை. அலெர்ட்டை அமைத்த விதம் தப்பு என்போம். ஒரு மாவட்டம் முழுக்கச் சிவப்பு என்று செய்தி வந்தால், அது என் தெருவுக்கா, மலையடிவாரத்துக்கா, ஆற்றங்கரைக்கா, இன்று ராத்திரிக்கா, நாளை மத்தியானத்துக்கா? இதில் ஒன்றும் தெரியாமல் கிளம்பு என்றால் எங்கே கிளம்புவது?

உடைந்தது அங்கே, செத்தது இங்கே

1903-க்குப் போவோம். பாலாறு கர்நாடகத்தில் பிறந்து அங்கே 93 கிலோமீட்டர், ஆந்திராவில் 33 கிலோமீட்டர், தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் ஓடுகிறது. கோலார் பகுதியில் அதன் வழியில் சங்கிலி போல ஏரிகள். மேலே ஓர் ஏரி நிரம்பினால் அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகும். மழை குறைந்த சீமைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஆனால் மேல் ஏரியின் கரை உடைந்தால், அந்த வேகம் அடுத்த கரையையும் உடைக்கும். 1903 நவம்பர் மழையில் நடந்தது இதுதான். மைசூர் சமஸ்தானத்தில் ஏரிகள் உடைந்தன. பாலாற்றின் குறுக்கே கட்டிய பேத்தமங்கலம் பெரிய ஏரியும் அவற்றில் ஒன்று. அந்தத் தண்ணீர் எல்லையைத் தாண்டி முதலில் சந்தித்த பெரிய ஊர்களில் ஒன்று வாணியம்பாடி. பாலாறும் அதன் கிளையாறும் சுற்றிக்கொள்ளும் இடத்தில் உட்கார்ந்திருக்கும் ஊர்.

இப்போது 1903-ல் வாணியம்பாடியில் இருந்த ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் என்ன முன்னேற்பாடு செய்திருக்க முடியும்? அரிசியைப் பரண்மேல் ஏற்றியிருக்கலாம், ஓட்டைச் சரிபார்த்திருக்கலாம். அவர்களைக் கொன்றது அவர்கள் தலைக்கு மேல் பெய்த மழை மட்டுமில்லை. வேறொரு ராஜ்ஜியத்தில், அவர்கள் பார்த்தே இராத ஒரு கரை. ஏரியைப் பராமரிப்பவர் ஒருவர், மூழ்குபவர் வேறொருவர். நடுவில் ஒரு எல்லைக்கோடு.

வீட்டு முன்னேற்பாடு என்று பேசும்போது இது ரொம்ப முக்கியம். டார்ச், தீப்பெட்டி, பிஸ்கட் பாக்கெட் என்று நம் கையில் தரும் பட்டியலெல்லாம் ஆபத்து வீட்டு வாசலில் தொடங்குவதாக நினைத்து எழுதியது. இந்த வட்டாரத்தில் ஆபத்து மேலே, நமக்குத் தெரியாத இடத்தில் தொடங்குகிறது. குடியாத்தத்துக்கு கவுண்டன்ய நதியில் ஆந்திரப் பக்கமிருந்து வரும். ஆம்பூருக்கு மலைக் கானாறுகளில் வரும். உங்கள் தெருவில் தூறல்கூட இல்லாதபோதும் வரும். அதனால்தான் வானத்தைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். அவர்கள் முட்டாள்கள் இல்லை, தப்பான வானத்தைப் பார்க்கிறார்கள்.

நோயாளி ஆறு

தோல் தொழில் ஆற்றங்கரைக்கு வந்த காரணம் எளிது. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த முப்பது, நாற்பது லிட்டர் தண்ணீர் ஆகும். உப்புத் தோலை ஊறவைக்க, சுண்ணாம்பில் போட்டு முடி நீக்க, கழுவ, மறுபடி கழுவ. பாலாறு மேலே மணலாக இருந்தாலும் அடியில் நல்ல தண்ணீர் வைத்திருந்த ஆறு. தோலுக்குப் போட ஆவாரம்பட்டை சுற்றுக்காட்டில் கிடைத்தது. அப்படித்தான் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று வரிசையாகத் தோல் ஷாப்புகள் வந்தன. 1970-களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு போட்ட பிறகு பட்டைப் பதம் குறைந்து குரோமியப் பதம் பெருகியது, ஷூ கம்பெனிகள் வந்தன. கழிவுநீர் கிணற்றுக்கும் வயலுக்கும் போனது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டுக்காக இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கும் தீர்ப்பு அது. 2025 ஜனவரியிலும் பாலாற்று மாசு குறித்து உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது.

இந்தக் கதையைச் சுற்றுச்சூழல் கதையாகத்தான் எப்போதும் சொல்வோம். ஆனால் இதற்குள் இன்னொன்று இருக்கிறது. முப்பது நாற்பது வருஷமாக இந்த ஊர்க்காரர்கள் பாலாற்றை எப்படிப் பார்த்தார்கள்? மணல் அள்ளிய பள்ளம், நுரை, நாற்றம், சீமைக்கருவேலம், நடுவே கிரிக்கெட் ஆடும் பையன்கள். மாநாட்டில், மனுவில், செய்தியில் பாலாறு என்றாலே "செத்துப்போன ஆறு". ஆறு ஒரு நோயாளி. நோயாளியைப் பார்த்துப் பரிதாபப்படுவோம், யாராவது பயப்படுவார்களா? பேரணாம்பட்டுப் பக்கம் ஓடும் ஓர் ஆற்றின் பெயரே மலட்டாறு. ஒன்றும் பெறாத ஆறு என்று அர்த்தம். மலட்டாற்றில் வெள்ளம் வரும் என்று ஒரு குழந்தைக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

1903-ஐப் பார்த்த கடைசி ஆயா எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பார். ஞாபகம் மூன்று தலைமுறைக்கு மேல் தாங்குவதில்லை. அதற்குள் ஆறு விட்டுப்போன இடத்தில் வீடு வந்துவிட்டது. யார் கட்டினார்கள்? நல்ல இடத்தில் மனை வாங்க முடியாதவர்கள். வேலைக்கு நடந்து போகிற தூரத்தில் இடம் வேண்டியவர்கள். கான்கிரீட் பில்லர் போடக் காசில்லாமல் சுவர் மேல் சுவராக ஏற்றியவர்கள். ரேஷன் கார்டும் கரண்ட் கனெக்ஷனும் அந்த விலாசத்துக்கே வந்தது. அரசாங்கமே ஒத்துக்கொண்ட இடம் ஆபத்தான இடம் என்று ஒரு மழை ராத்திரியில் திடீரென்று அரசாங்கமே வந்து சொன்னால், அவர்கள் எதை நம்புவது?

அந்த ராத்திரி

2021 நவம்பர் 18 பகலிலேயே மழை. பாலாற்றிலும் துணை ஆறுகளிலும் தண்ணீர் ஏறியது. மாதனூர் தரைப்பாலம் போன்றவற்றை வெள்ளம் உடைத்துப்போட்டது. பாலங்கள் மேல் வேடிக்கை பார்க்கக் கூட்டம். ஆயுசில் முதல்முறையாகப் பாலாறு நிறைந்து ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு அது திருவிழா. அந்தச் சந்தோஷத்தைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. வறண்ட சீமைக்காரனுக்குத் தண்ணீர் வந்தால் முதலில் வருவது பயம் இல்லை.

பேரணாம்பட்டில் அந்த வீட்டுக்காரர்களை முன்பே கிளம்பச் சொன்னதாகவும் அவர்கள் போகவில்லை என்றும் அதிகாரிகள் கூறியதை அன்றைய செய்திகள் பதிவு செய்தன. அதே செய்திகள் இன்னொன்றும் சொன்னன: அந்த வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பத்தினர் இருந்தார்கள். முதல் தகவல் தலைப்பாகிவிட்டது. இரண்டாவது தகவலை யாரும் நின்று யோசிக்கவில்லை.

ஆபத்து ராத்திரியில் பல வீட்டுக்காரர்கள் ஒரே வீட்டில் கூடுவது ஏற்பாடு இல்லையா? தனியாக இருப்பதைவிடச் சேர்ந்திருப்பது நல்லது, இருப்பதில் கெட்டியான வீட்டில் இருப்பது நல்லது என்று மனிதர்கள் ஆதிகாலத்திலிருந்து செய்துவரும் கணக்கு அது. முகாமுக்குப் போகவில்லை என்பதால் சும்மா உட்கார்ந்திருந்தார்கள் என்று அர்த்தமாகாது. வெள்ளத்தைக் கணக்கில் எடுத்தவர்கள், ஊறிய சுவரை எடுக்கவில்லை. அதைச் சொல்லித் தரவும் யாருமில்லை. "தண்ணி வருது, கிளம்புங்க" என்று சொன்னால், "தண்ணி இங்க வரைக்கும் ஏறாது" என்று பதில் வரும். "இந்தச் சுவர் மூணு நாளா ஊறியிருக்கு, ராத்திரி இதுக்குக் கீழ படுக்காதீங்க" என்று சொன்னால் வேறு பதில் வந்திருக்கலாம். இந்த வட்டாரத்துக்குத் தேவையான எச்சரிக்கை காற்றைப் பற்றியது இல்லை. சுவரைப் பற்றியது.

எதை விட்டுவிட்டுக் கிளம்புவது?

இனி கிளம்பாததன் கணக்கைப் பார்ப்போம். ஆம்பூர்ப் பக்கம் ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைக்கும் வேலை பெண்களுக்கு வீட்டிலேயே வருகிறது. அப்பர் என்பார்கள். ஏஜென்ட் மூட்டையாகக் கொண்டுவந்து கொடுப்பார், தைத்து முடித்ததை வாங்கிப் போவார். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் காலணி ஐரோப்பாவில் விற்கும் விலைக்கும் இந்தக் கூலிக்கும் சம்பந்தமே இருக்காது. வேலை முடிக்க வேண்டிய நாள் மழைக்காகத் தள்ளிப்போவதில்லை.

அந்த வீட்டுக்கு ராத்திரி எட்டு மணிக்கு விஏஓ வந்து "எல்லாரும் ஸ்கூலுக்குக் கிளம்புங்கம்மா" என்கிறார். மூலையில் அப்பர் மூட்டை இருக்கிறது. அது அவர்களுடையது இல்லை. நனைந்தால் யார் பொறுப்பு? தூக்கிக்கொண்டு போனால் முகாமில் வைக்க இடமில்லை. விட்டுவிட்டுப் போனால் திரும்பி வரும்போது இருக்குமா? வீட்டில் டிவி, பீரோ, கேஸ் சிலிண்டர். வெளியே இரண்டு ஆடு. மாமியாருக்கு முட்டிவலி, இந்திய கக்கூஸில் உட்கார முடியாது. பள்ளிக்கூடத்தில் இருப்பது அதுதான், அதுவும் கதவு சரியாகச் சாத்தாதது. வயசுக்கு வந்த பெண் இருக்கிறாள். யார் யாரோ படுத்திருக்கும் ஹாலில் அவளை எங்கே படுக்க வைப்பது? இதையெல்லாம் இரண்டு நிமிஷத்தில் யோசித்துவிட்டு அந்த அம்மா சொல்வது ஒரே வாக்கியம். "பரவால்லீங்க சார், நாங்க பாத்துக்கறோம்." அவர் நோட்டில் எழுதிக்கொள்வது: கிளம்ப மறுத்தார்கள்.

இது நம்மூர்ப் பிரச்சனை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2005-ல் கத்ரீனா நியூ ஆர்லியன்ஸைத் தாக்கியது ஆகஸ்ட் 29 அன்று. மாசக்கடைசி. சம்பளமும் உதவித்தொகையும் ஒன்றாம் தேதிதான் வரும். கார் இல்லாதவர்கள், பெட்ரோலுக்கும் ஓட்டல் அறைக்கும் காசில்லாதவர்கள் நகரத்திலேயே தங்கினார்கள். அவர்களைப் பார்த்தும் முதலில் கேட்டது "ஏன் கிளம்பல?" என்றுதான். 1991-ல் வங்கதேசப் புயலில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெண்கள் அதிகம். வெளியே போன கணவர் வரட்டும் என்று காத்திருந்தது, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாதது, ஆண்கள் கூட்டமாக இருக்கும் புகலிடத்துக்குப் போகத் தயங்கியது எல்லாம் காரணங்கள் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

பிறகு வங்கதேசம் என்ன செய்தது என்பதுதான் நமக்கு வேண்டியது. பெண்களைத் திட்டவில்லை. புகலிடங்களில் பெண்களுக்குத் தனி இடம் கட்டினார்கள், மாடு கன்றுக்கும் இடம் பார்த்தார்கள். 1970 பெரும்புயலுக்குப் பிறகு தொடங்கிய தொண்டர் படையில் பெண்களைச் சேர்த்துக்கொண்டே வந்தார்கள். இன்று எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர்களில் பாதிப் பேர் பெண்கள். கதவைத் தட்டிச் சொல்வது பக்கத்துத் தெரு அக்காவாக இருந்தால் பேச்சே வேறு. ஒடிசாவிலும் இதே கதை. 1999-ல் பத்தாயிரம் பேர் அளவில் இறந்த மாநிலம், 2013-ல் பைலின் புயலுக்கு முன் ஏறத்தாழ பத்து லட்சம் பேரைக் கிளம்ப வைத்தது. இறப்பு சில பத்துகளுக்குள் நின்றது. பதினாலு வருஷத்தில் ஜனங்களின் அறிவு கூடிவிட்டதா? போய்ச் சேர ஓர் இடமும், நம்பிப் போக ஒரு காரணமும் உண்டானது.

வீடே இல்லாதவர்கள்

இந்த வரலாற்றில் மழையே பெய்யாத ஒரு வெள்ளமும் உண்டு. 2015 ஜனவரி 31. ராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் தோல் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையத்தில், கழிவுச் சேறு தேக்கியிருந்த தொட்டியின் சுவர் நள்ளிரவுக்குப் பிறகு உடைந்தது. பக்கத்துத் தோல் ஷாப்புக்குள் சேறு பாய்ந்தது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள்.

புயல் கட்டுரையில் இது எதற்கு என்று தோன்றலாம். 1903, 2015, 2021 மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோலாரில் ஓர் ஏரிக்கரை. ராணிப்பேட்டையில் ஒரு தொட்டிச் சுவர். பேரணாம்பட்டில் ஒரு வீட்டுச் சுவர். மூன்று முறையும் ஆளைக் கொன்றது, தாங்கும் என்று யாரோ நம்பிய ஒரு சுவர். கடைசி இரண்டில், செத்தவர்கள் படுத்த இடத்திலேயே செத்தார்கள்.

சுந்தரவனப் பக்கமும் அதைச் சுற்றியும் இருந்து வருகிற பையனுக்குப் புயல் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஊரில் அவன் வீட்டுக்கு முன்னேற்பாடு தெரியும். இங்கே அவனுக்கு வீடு இல்லை, தோல் கட்டுக்கு நடுவே ஒரு பாய்தான் இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை. சொன்னாலும் வேறு எங்கே படுப்பான்? முன்னேற்பாடு என்பதைக் குடும்பத்தின் கடமை என்று மட்டும் எழுதி வைத்தால், குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவன் பட்டியலிலேயே வருவதில்லை.

அக்டோபருக்கு முன்

சரி, ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்ல வருகிறேனா? இல்லை. வீட்டில் செய்ய வேண்டியது இருக்கிறது, அது நிஜமாகவே உயிரைக் காப்பாற்றும். ஆதார், ரேஷன் கார்டு, பட்டா, பேங்க் பாஸ்புக், பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டலாம். சுகர், பிரஷர் மாத்திரையை ஒரு வாரத்துக்குக் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். குடிதண்ணீரை முன்பே பிடித்து மூடிவைக்கலாம். இந்த ஊர்களில் வெள்ளத்தோடு கழிவுநீரும் கலந்து வரும் என்பதால் இது மற்ற ஊர்களைவிட இங்கே முக்கியம். ஊறிய சுவரில் புது வெடிப்பு தெரிந்தாலோ, கதவு திடீரென்று இறுகினாலோ அந்தச் சுவர் ஓரம் படுக்கக் கூடாது. தரைப்பாலத்தில் தண்ணீர் போனால் வண்டியைத் திருப்பிவிட வேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. இரண்டையும் எல்லாப் போனிலும் ஏற்றி வைக்கலாம்.

இதற்கெல்லாம் பெரிய செலவில்லை. இதைத் தாண்டியதுதான் பெரிய வேலை, அது வீட்டுக்கு வெளியே இருக்கிறது. மேலே ஏரியோ அணையோ நிரம்பும் தகவல் மாநில எல்லையில் நின்றுவிடாமல் கீழே தெரு வரை வர வேண்டும். 2019-ல் வேலூர் மூன்று மாவட்டமாகப் பிரிந்த பிறகு ஆறு இப்போது இன்னும் இரண்டு கோட்டைத் தாண்டுகிறது. அப்பர் மூட்டை கொடுக்கும் கம்பெனிகள், சிவப்பு எச்சரிக்கை வந்தால் மூட்டையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும், நனைந்தால் அந்த நஷ்டம் தையல்காரியின் தலையில் விழாது என்றும் முன்பே எழுதித் தர முடியும். வெளிநாட்டு பிராண்டுகள் தோலின் தரத்துக்கு இத்தனை நிபந்தனை போடும்போது இதையும் ஒரு நிபந்தனையாக்கலாம். ஷிப்டுக்கு வராத நாளுக்குச் சம்பளம் பிடித்தால் யாரும் ஆற்றைத் தாண்டி வேலைக்கு வரத்தான் செய்வார்கள். முகாம் நடக்கும் பள்ளிக்கூடத்தில் கக்கூஸ் கதவைச் செப்டம்பரிலேயே சரிசெய்யலாம். அதற்கு வானிலை அறிவிப்பு தேவையில்லை.

வாணியம்பாடியில் தூண் வைத்தவர்கள் செத்தவர்களை நினைவில் வைக்க வேண்டும் என்று வைத்தார்கள். அதைவிடக் கடினமான நினைவு ஒன்று இருக்கிறது: அந்த ராத்திரி அவர்கள் ஏன் அங்கே இருந்தார்கள் என்பது. 1903-க்கு அதை இனி யாரிடமும் கேட்க முடியாது. 2021-க்குக் கேட்க முடியும், ஆட்கள் இருக்கிறார்கள். அடுத்த நவம்பருக்கு முன் ஆற்றங்கரைத் தெருக்களில், வெயில் அடிக்கும் ஒரு நாளில், வீடு வீடாகப் போய் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். "ராத்திரி பத்து மணிக்கு மழையில கிளம்பணும்னா, நீங்க எதை விட்டுட்டு வர முடியாது?" வருகிற பதில்களை எழுதி வரிசையாக வைத்தால் ஆடு, மூட்டை, மாமியார் முட்டிவலி, பெண் பிள்ளை, கக்கூஸ் கதவு, நாளைக்குக் கூலி என்று ஒரு பட்டியல் வரும். இந்த வட்டாரத்துக்கு வேண்டிய புயல் முன்னேற்பாட்டுப் பட்டியல் அதுதான். டார்ச்சையும் தீப்பெட்டியையும் அதற்குக் கீழே சேர்த்துக்கொள்ளலாம்.